புல் வெட்டவும் பனி அகற்றவும் ஒரே டிராக்டர்: எது வாங்கலாம்?

வணக்கம். கனடாவின் ஒன்டாரியோவில் பாரி நகர் பக்கம் 2 ஏக்கரில் வீடு. வாசலிலிருந்து ரோடு வரை 80 மீட்டர் சரளைப் பாதை. ஜார்ஜியன் விரிகுடா பனி ஒரே இரவில் முழங்காலளவு கொட்டிவிடுகிறது. போன டிசம்பரில் கையால் தள்ளும் ஸ்னோ புளோயரில் (பனியை வாரி வீசும் இயந்திரம்) கல் சிக்கி, ஷியர் பின் (அடைத்தால் முதலில் உடையும் பாதுகாப்பு ஆணி) உடைந்தது. மிச்சத்தை விடியும்வரை மண்வாரியால் அள்ளினோம். அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், வழி அடைபடவே கூடாது.

குபோட்டா பிஎக்ஸ்2380, ஜான் டியர் 1025ஆர் என இரண்டு சிறிய டிராக்டர்களைப் பார்த்தேன். இரண்டிலும் அடியில் 60 அங்குல புல்வெட்டி மாட்டலாம். சரி, புளோயர்தான் குழப்பம். முன்னால் மாட்டினால் லோடரை (முன்பக்க அள்ளும் வாளி) கழற்ற வேண்டும். பின்னால் என்றால் கழுத்தைத் திருப்பியபடியே ரிவர்ஸில் ஓட்ட வேண்டும். சரளையில் ஓட்டுகிறவர்கள் எதை வைத்திருக்கிறீர்கள்? அப்புறம், கேபின் இல்லாமல் சமாளிக்க முடியுமா? குளிர் வருவதற்குள் வாங்கியாக வேண்டும், சொல்லுங்கள்.