கையில் முதலில்லாத வங்கதேசத்தில் ஆடைத் தொழில் எப்படிப் பரவியது?

கேள்வி: பருத்தியும் பெரிதாக விளையாது, பணமும் கிடையாது. பிறகு எப்படி லட்சக்கணக்கான பெண்களுக்குத் தையல் வேலை கிடைத்தது? கூலி மலிவு என்பது மட்டும்தான் காரணமா?

பதில் 1: கூலி எத்தனையோ நாடுகளில் மலிவுதான். 1979-ல் தேஷ் கார்மென்ட்ஸ் என்ற வங்கதேச நிறுவனம் சுமார் 130 பேரைத் தென்கொரியாவின் தேவூ ஆலைக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. திரும்பியவர்களில் பெரும்பாலோர் சில வருடங்களிலேயே விலகி, தனி ஆலை தொடங்கினார்கள், அல்லது புது ஆலைகளில் சேர்ந்தார்கள். தொழில் பரவியது அப்படித்தான். கொரிய ஆடைகளுக்கு அமெரிக்கா வைத்த இறக்குமதி கோட்டா (அளவு வரம்பு) இடித்ததால், தேவூ வேறு நாட்டைத் தேடியதும் ஒரு காரணம்.

பதில் 2: முதலுக்கு வழி பேக்-டு-பேக் எல்.சி. எல்.சி. என்பது, சரக்கு அனுப்பிய ஆவணங்களைக் காட்டினால் பணம் தருவதாக வங்கி தரும் உறுதிக் கடிதம். வாங்குபவர் அனுப்பும் எல்.சி.யை வங்கியில் ஈடாக வைத்தால், அதன்பேரில் துணி விற்பவருக்கு வங்கி இன்னொரு எல்.சி. திறக்கும். துணிக்காசு ஏற்றுமதிப் பணத்தில் கழியும். பாண்டட் கிடங்கில், அதாவது சுங்கத்துறை கண்காணிக்கும் கிடங்கில், இறக்கினால் சுங்கவரியும் இல்லை. ஆனால் அந்தத் துணியை உள்ளூரில் விற்கக் கூடாது.

சிக்கல் தாமதத்தில். கப்பல் தவறினால் விமானச் செலவு ஆலை தலையில். துணி பில் தவணை மட்டும் நிற்காது. வங்கி துணி விற்றவருக்குப் பணத்தைக் கட்டிவிட்டு, அதை ஆலையின் பேரில் கட்டாயக் கடனாக மாற்றிவிடும். சம்பள பாக்கி பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பம்.

பதில் 3: வேலை வந்தது சரி. 2013-ல் தையல் ஆலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகுதான் கட்டடச் சோதனையே ஒழுங்காக நடந்தது. அதையும் கணக்கில் சேருங்கள்.