தவில் தனியிலை கார்வையை மாத்தி எடுப்புக்கு வாறது

தனி ஆவர்த்தனத்திலை (தவில்காரர் தனிச்சு வாசிக்கிற இடம்) மனோதர்மம், அந்த நேரத்துக் கற்பனை எண்டு கைபோன போக்கிலை வாசிக்கேலாது. எடுப்பு (பாட்டு தாளத்திலை தொடங்கிற இடம்) காதிலை இருக்கோணும், அதுக்கு வந்து சேருற கணக்குக் கையிலை இருக்கோணும். ஆதி தாளம் 8 அடி, சதுஸ்ர நடை (அடிக்கு 4 மாத்திரை), ஒரு ஆவர்த்தனம் (தாளத்தின்ரை ஒரு முழுச் சுத்து) 32 மாத்திரை. சொற்கட்டு தகதிமி 4 மாத்திரை, ததிங்கிணதொம் 6, சேர்த்து 10. இதை மூண்டு தரம் வாசிச்சு இடையிலை ரண்டு கார்வை (சொல்லில்லாத இடைவெளி) விடுங்கோ. கார்வை ஒரு மாத்திரை எண்டால் 30+2=32, சமத்திலை (ஆவர்த்தனத்தின்ரை முதல் அடி) தொடங்கிச் சமத்துக்கே வரும். 2 மாத்திரை எண்டால் 34, சமத்துக்கு அரை அடி தள்ளின அரை இடத்து எடுப்புக்கு வரும். 4 எண்டால் 38, ஒண்டரை இடம். சொற்கட்டு அப்பிடியே நிக்கும். கடைசி நேரத்திலை கீர்த்தனை மாறினாலும் பயமில்லை.

பிழைக்கிறது அநேகமா ரண்டாவது கார்வையிலை. முடிவு கிட்டுதெண்டு கை ஓடும், எடுப்பு முந்தி விழும். தவிலிலை கை வைக்கமுன்னம் வாயாலை சொல்லித் தாளம் போட்டுப் பழகோணும்.

*

அண்ணை, நீங்கள் சொன்ன கணக்கோடை, அஞ்சு மாத்திரைச் சொல்லிலை முடிக்கிறவைக்கு ஒண்டு சேர்க்கிறன். ததிகிணதொம் மூண்டு தரம் 15, ஒற்றை எண். ரண்டு கார்வையையும் ஒரே அளவா முழு மாத்திரையிலை எவ்வளவு விட்டாலும் 32 வராது. கார்வை 2 வீதம் விட்டால் மொத்தம் 19. 32இலை மிச்சம் 13. அதாலை சமத்துக்கு வர நாலாவது அட்சரத்தின்ரை (அடியின்ரை) ரண்டாவது மாத்திரையிலை தொடங்கோணும். பிள்ளையள் நாலாவது அடியிலையே தொடங்கித்தான் மாட்டுப்படுகினம்.

*

மேளச்சமாவிலை (நாதஸ்வர, தவில் கச்சேரி) ரண்டு தவில் எண்டால் குறைப்பைக் (மாறி மாறி வாசிக்கிற அளவைப் பாதிபாதியாக் குறைக்கிறது) கவனியுங்கோ: 64, 32, 16, 8, 4 மாத்திரை. ஒராள் திஸ்ரத்துக்குப் (மூண்டு மூண்டாப் போற நடை) போனால் மற்றவர் அதே நடையிலைதான் பதில் சொல்லோணும். நடுவிலை நடையை மாத்தினால் தாளம் போடுறவர் தடுமாறுவார். வீதியிலை சுவாமி எந்த நேரமும் நகரும், அங்கை ஒரு ஆவர்த்தனக் கோர்வை (மூண்டு தரம் வாசிச்சு முடிக்கிற கணக்கு) காணும்.

தவில் வித்துவான் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின்ரை (1933–1975) ஒலிப்பதிவுகளைக் கேட்கேக்கை எல்லாரும் வேகத்தைத்தான் கதைக்கினம். ஒருக்கா கார்வையளை மட்டும் எண்ணிக் கேளுங்கோ. அவ்வளவு வேகத்திலையும் அந்த இடைவெளி சுருங்காது, அதுதான் பெரிய விசயம்.

*

இப்ப கீபோர்ட், லூப்போடை (மெஷின் திரும்பத் திரும்பப் போடுற இசைத்துண்டு) சேர்ந்து வாசிக்கிறவைக்கு: லூப் காத்திராது. ஆள் தாளம் போட்டால் நீங்கள் கொஞ்சம் ஓடினாலும் கூட வருவார், மெஷின் வராது. நாலு அடி பார் ரண்டு சேர்ந்தால் ஒரு ஆதி ஆவர்த்தனம். கிளிக்கை (மெஷின்ரை தாளச் சத்தம்) தவில்காரரின்ரை காதுக்கு இயர்போனிலை குடுங்கோ. மேடை ஸ்பீக்கரிலை விட்டால் தவில் சத்தத்துக்கை அது கேளாது.