புதுப்பிப்பு: தம்பியின் குடிபோதை வழக்கு, வக்கீலைப் பார்த்த பிறகு

புதுச்சேரியிலிருந்து பைக்கில் திரும்பிய சித்தப்பா மகன் கடலூர் எல்லைச் சோதனையில் சிக்கியதை எழுதி, வக்கீல் அவசியமா என்று கேட்டிருந்தேன். பார்த்துவிட்டோம்.

வக்கீல் முதலில் கேட்டது, தம்பி வாயால் ஊதிய மது சோதனைக் கருவியின் அச்சுச் சீட்டைத்தான். கருவி எண், நேரம், அளவு என்று விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவு பாயும், இவனுடையது 92. “இதில் வாதாட ஒன்றுமில்லை தம்பி, ஒப்புக்கொள்வோம்” என்றார். பீஸுக்காக வாய்தா மேல் வாய்தா வாங்காத மனிதர்!

முதல் முறைக்கு 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். சிறை வேண்டாம் என்று நீதிமன்றத்தில் கேட்பார். உரிமத்தை முடக்கும் முன் நம் தரப்பையும் கேட்க வேண்டுமாம். அந்த நோட்டீஸ் வந்துவிட்டது. பதிலைத் திங்கட்கிழமை கொடுக்கிறோம்.