வாய்க்காலில் ஈயம்: சம்பு நடலாமா?

வணக்கம் உறவுகளே. உப்புவெளியில் எங்கள் வளவுக்குப் பின்புறம் முன்பு பழைய பற்றரி உடைத்த இடம். மழை பெய்தால் அந்த மண் கரைந்து எங்கள் வாய்க்காலுக்குத்தான் வருகிறது. கிணற்று நீரைப் பரிசோதித்தோம். குடிநீரில் ஈயம் லீற்றருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்களுடையது அதைத் தாண்டிவிட்டது. இப்போது குடிப்பதற்குப் பவுசர் தண்ணீர்தான்.

நீரிலுள்ள ஈயத்தை உறிஞ்சி எடுக்க, வாய்க்காலில் சம்பும் (கோரை போன்ற உயரமான நீர்ச்செடி) வெட்டிவேரும் நட நினைக்கிறேன். ஈயத்தின் பெரும்பகுதி வேரிலேயே தங்கிவிடும். ஆனால் அது அழிவதில்லை, இடம் மாறுகிறது, அவ்வளவே. பிடுங்கிய செடியைப் பசளைக்கும் போட முடியாது, மாட்டுக்கும் போட முடியாது. (அடுத்த வீட்டுப் பசு இப்போதே வேலிக்குள்ளால் தலையை நீட்டுகிறது!)

பிடுங்கிய செடிகளை எங்கே ஒப்படைப்பது? கடலோர உவர்நீரில் இரண்டில் எது தாங்கும்? நட்டுப் பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.