சாயங்காலமானால் இணைப்பை இழக்கும் வாசல் கேமரா: குறை வைஃபையிலா, வேறெங்காவதா?

காவிரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டில் அம்மா தனியாக இருக்கிறார். நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று தெருவிலிருந்து பின்வாசல் வரை சுமார் 110 அடி நீளும் பழைய வீடு. சுவர்கள் ஒன்றரை அடிச் செங்கல். ரூட்டர் கூடத்தில் இருக்கிறது. ஆறு மாதங்களுக்கு முன்பு வாசல், கூடம், கொல்லை ஆகிய மூன்று இடங்களில் வைஃபை கேமராக்களைப் பொருத்தினோம். மூன்றுமே நிலையாக இணைப்பில் இருப்பதில்லை.

வாசல் கேமரா பகல் முழுவதும் ஒழுங்காக இயங்கிவிட்டு, மாலை ஆறரை மணிக்கு மேல் போய்விடுகிறது. விடிந்ததும் தானே வந்துவிடுகிறது. கொல்லையில் தகரக் கொட்டகைக்குள் இருக்கும் கேமரா நேரம் காலம் இல்லாமல் அறுந்து அறுந்து வருகிறது. பின்கட்டின் இரும்புக் கதவைச் சாத்தினால் பெரும்பாலும் படமே வருவதில்லை. கூடத்துக் கேமராவோ ரூட்டருக்குப் பத்தடி தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் மின்வெட்டு முடிந்து மின்சாரம் திரும்பியபின் சில நாள் வருகிறது, சில நாள் வருவதில்லை. ஒருமுறை அம்மாவின் கைப்பேசியை அணைத்ததும் அது தானாக வந்தது, தற்செயலாக இருக்கலாம்.

பொருத்தியவர் ரூட்டரை மாற்றச் சொன்னார். 2.4, 5 ஜிகாஹெர்ட்ஸ் ஆகிய இரண்டு அலைவரிசைகளும் உள்ள புதிய ரூட்டரை வாங்கியும் நிலைமை மாறவில்லை. இப்போது இரண்டு எக்ஸ்டெண்டர்கள் (ரூட்டரின் அலையை வாங்கி மறுபடி பரப்பும் கருவிகள்) வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா? ஒவ்வொரு முறையும் 68 வயது அம்மாவை நாற்காலி போட்டு ஏறி, பிளக்கைப் பிடுங்கிச் செருகச் சொல்வது எனக்கு அச்சமாக இருக்கிறது.

அலைஎண் எழுதியது:

முதலில் அம்மாவை நாற்காலியில் ஏறச் சொல்வதை நிறுத்திவிடுங்கள். கேமரா செருகியிருக்கும் இடத்தில் வைஃபை வழியாக அணைத்து ஏற்றக்கூடிய ஸ்மார்ட் பிளக் ஒன்றை வைத்தால், அந்த வேலையைச் சென்னையிலிருந்தே செய்யலாம். இது மருந்தன்று, ஊன்றுகோல் மட்டுமே.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் மூன்று கேமராக்களுக்கும் மூன்று வேறு நோய்கள் இருப்பதாகத் தோன்றுகிறது. எல்லாவற்றையும் "வைஃபை சரியில்லை" என்று ஒரே மூட்டையாகக் கட்டியதால்தான் ரூட்டரை மாற்றியும் பயன் இல்லாமல் போயிற்று. எனக்குத் தெரிந்த கொல்லைக் கேமராவைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கேமராவின் செயலியில் சாதனத் தகவல் பகுதியில் அலைவலிமை டெசிபல் கணக்கில் காட்டப்பட்டால் அதைப் பாருங்கள். காட்டாவிட்டால், கொட்டகைக்குள் கேமராவை ஒட்டிக் கைப்பேசியைப் பிடித்து, வைஃபை அளக்கும் ஏதேனும் ஒரு செயலியில் பாருங்கள். மைனஸ் 67, அல்லது மைனஸ் 60, 50 என்று பூஜ்யத்துக்கு இன்னும் நெருங்கிய எண் என்றால் வீடியோவுக்குப் போதும். மைனஸ் 80ஐத் தாண்டி 85, 90 என்று போனால் எந்தக் கேமராவும் தள்ளாடும். இந்தக் கணக்கில் ஒவ்வொரு 3 டெசிபல் குறைவுக்கும் வலிமை பாதியாகிறது. ஆகவே 67க்கும் 83க்கும் இடையில் சிறிய வேறுபாடுபோலத் தெரிந்தாலும், வந்து சேரும் அலை ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்காகிவிடுகிறது. செங்கல் சுவர் அலையைக் குறைக்கும், இரும்புத் தகடோ திருப்பியே அனுப்பிவிடும். கதவைச் சாத்தினால் படம் போவதற்கு அதுவே காரணமாக இருக்க வேண்டும்.

ரூட்டரில் 2.4 ஜிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பெயர் கொடுங்கள். சேனலை, அதாவது அந்த அலைவரிசைக்குள் ரூட்டர் பயன்படுத்தும் தடத்தை, தானியங்கியில் விடாமல் 1, 6, 11 ஆகியவற்றுள் அக்கம்பக்கத்தில் நெரிசல் குறைந்த ஒன்றில் நிறுத்துங்கள். சேனலின் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் ஆக்குங்கள். பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ2, 3 கலவையாக இருந்தால் 2 மட்டும் என்று மாற்றுங்கள். விலை குறைந்த கேமராக்கள் சில கலவையில் தடுமாறுகின்றன.

செம்புக்கம்பி எழுதியது:

வாசல் கேமராவின் குறைக்கும் வைஃபைக்கும் தொடர்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இருட்டியதும் போகிறது, விடிந்ததும் வருகிறது என்ற வரியைப் படித்ததும் அடாப்டரின் மேல்தான் ஐயம் எழுந்தது. இருட்டியதும் கேமராவில் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்குகின்றன. அப்போது அது இழுக்கும் மின்னோட்டம் பகலைப்போல் இரு மடங்காகவோ அதற்கு மேலாகவோ ஆகலாம்.

அடாப்டர் ரேழிக்குள் இருந்து, அங்கிருந்து மெல்லிய யூஎஸ்பி வயர் திண்ணைத் தூண் வரை போகிறதா? பெட்டியோடு வரும் வயர்களில் பல 28 கேஜ், அதாவது மிக மெல்லிய கம்பிதான். அந்தக் கம்பிக்கு மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம் மின்தடை. 5 மீட்டர் வயர் என்றால் போக வர 10 மீட்டர், அதாவது 2.1 ஓம். பகலில் 0.3 ஆம்பியர் இழுக்கும்போது 0.6 வோல்ட் வயரிலேயே கரைந்து, 5 வோல்ட்டில் 4.4 மிஞ்சும், கேமரா எப்படியோ சமாளிக்கும். இரவில் 0.7 ஆம்பியர் ஆனால் கரைவது ஒன்றரை வோல்ட், மிஞ்சுவது மூன்றரை. கேமரா அணைந்து, மறுபடி எழுந்து, விளக்கு எரிந்ததும் மறுபடி அணையும். செயலியோ "இணைப்பு இல்லை" என்று மட்டும் சொல்லும், நாமும் ரூட்டரைத் திட்டிக்கொண்டிருப்போம்.

சோதிக்க இரவுவரை காத்திருக்க வேண்டியதில்லை. பட்டப்பகலில் கேமராவின் முகத்தைக் கருப்புத் துணியால் மூடுங்கள். இருட்டென்று நினைத்து விளக்கை ஏற்றும். அந்த நேரத்தில் கேமராவின் முனையில் யூஎஸ்பி மின்னழுத்த அளவி ஒன்றைச் செருகிப் பாருங்கள்.

மாடிப்படி எழுதியது:

கைப்பேசியை அணைத்ததும் கூடத்துக் கேமரா வந்தது தற்செயல் அன்று. நீங்கள் கொடுத்த துப்புகளிலேயே அதுதான் சிறந்தது. பொருத்தியவர் கேமராவுக்குக் கையால் ஒரு நிலையான ஐபி முகவரியை (வீட்டு வலைப்பின்னலில் ஒவ்வொரு சாதனத்துக்கும் உரிய எண்ணை) கொடுத்திருப்பார் என்று ஊகிக்கிறேன். ரூட்டருக்கு அது தெரியாது. மின்வெட்டில் ரூட்டர் அணைந்து எழும்போது, யாருக்கு எந்த எண்ணைக் கொடுத்தோம் என்பதைப் பல வீட்டு ரூட்டர்கள் மறந்துவிட்டு, முதலில் வந்து கேட்பவருக்கு அதே எண்ணைக் கொடுத்துவிடும். அம்மாவின் கைப்பேசி முந்திக்கொண்ட நாளில் ஒரே எண்ணுக்கு இருவர் உரிமை கொண்டாடுவார்கள். கேமரா வெளியே நிற்கும்.

கேமராவில் முகவரியைத் தானாகப் பெறும்படி மாற்றிவிட்டு, ரூட்டரில் எண்களை வழங்கும் டிஹெச்சிபி பகுதியில், அந்தக் கேமராவின் மேக் முகவரிக்கு (தயாரிக்கும்போதே சாதனத்துக்குக் கொடுக்கப்படும் அடையாள எண்ணுக்கு) ஓர் ஐபி எண்ணை ஒதுக்கிவையுங்கள். மற்ற இரண்டு கேமராக்களுக்கும் அப்படியே செய்துவிடுங்கள்.

காவிரிக்கரை எழுதியது:

சனி, ஞாயிறு ஊருக்குப் போய் வந்தேன். செம்புக்கம்பி அவர்கள் சொன்னதைப் போலவே வாசலில் பகலில் 4.4 வோல்ட் இருந்தது. அம்மாவின் கறுப்புக் குடைத் துணியால் மூடியதும் 3.6க்கு இறங்கி, கேமரா என் கண்ணெதிரிலேயே அணைந்து எழுந்தது. மின்சாரப் பணியாளரைக் கொண்டு திண்ணைக் கூரையின் கீழ், மழை படாத பெட்டிக்குள் ஒரு சாக்கெட் வைத்து, அடாப்டரைக் கேமராவுக்கு இரண்டடி தூரத்தில் கொண்டுவந்துவிட்டேன். மூன்று இரவுகளாக ஒருமுறைகூட அறுபடவில்லை.

கூடத்துக் கேமராவில் 192.168.1.10 என்று கையால் எழுதப்பட்டிருந்தது. அம்மாவின் கைப்பேசியிலும் அன்று அதே எண். ஒதுக்கீடு செய்தபின் மெயின் சுவிட்சை நான்கு முறை அணைத்து ஏற்றிப் பார்த்தேன். நான்கு முறையும் கேமரா வந்துவிட்டது.

கொல்லையில்தான் இன்னும் தீரவில்லை. கதவு திறந்திருந்தால் மைனஸ் 76, சாத்தினால் மைனஸ் 87. அங்கு மட்டுமாவது எக்ஸ்டெண்டர் வைக்கலாமா?

அலைஎண் எழுதியது:

வைத்தால் முற்றத்தைத் தாண்டிய தாழ்வாரத்தில், ரூட்டரின் அலை இன்னும் நன்றாக இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும். பலர் கேமராவின் பக்கத்திலேயே வைத்துவிட்டு, நலிந்த அலையையே அது மறுபடி பரப்புவதைக் கண்டு வியக்கிறார்கள். மேலும், ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும் எக்ஸ்டெண்டரில் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஒரு கேமராவுக்கு அது போதலாம். ஆனால் உங்கள் இரும்புக் கதவு எக்ஸ்டெண்டருக்கும் கேமராவுக்கும் நடுவிலும் நிற்கும் என்பதை மறக்க வேண்டாம்.

நானாக இருந்தால் கூடத்திலிருந்து கொல்லைத் தாழ்வாரம் வரை கேட்6 என்னும் நெட்வொர்க் கேபிளை இழுத்து, கதவுக்கு அப்பால் ஓர் அக்சஸ் பாயிண்டை, அதாவது கேபிள் வழியாக வருவதை வைஃபையாகப் பரப்பும் கருவியை, வைப்பேன். கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். உங்களுக்கு அதில் பாதியும் வேண்டியதில்லை. கேமராவையும் தகரத்துக்குள்ளிருந்து எடுத்துக் கொட்டகையின் வெளிப்புறச் சட்டத்தில் பொருத்துங்கள். அதுவரை கேமராவுக்குள் ஒரு மெமரி கார்டைப் போட்டுவையுங்கள். இணைப்பு அறுந்திருக்கும் நேரத்திலும் பதிவு நடக்கும்.

செம்புக்கம்பி எழுதியது:

ஒன்றே ஒன்று: கேபிள் இழுக்கும்போது மின் வயர் போகும் குழாயிலேயே அதையும் நுழைத்துவிட உங்கள் மின்சாரப் பணியாளர் விரும்பக்கூடும், வேலை எளிது என்பதால். 230 வோல்ட்டும் டேட்டா கேபிளும் ஒரே குழாயில் போகக் கூடாது. தனிக் குழாய் போடச் சொல்லுங்கள்.