லொறி முதலாளி நீட்டும் தாளில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி (நிலாவெளி):
தம்பலகாமம் சந்தியில் லொறி அடித்து என் கணவரின் வலது கால் இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. கடலுக்குப் போகிறவர், இப்போது கட்டிலோடு. நேற்று லொறி முதலாளி வந்து கொஞ்சக் காசை மேசையில் வைத்து, 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று டைப் அடித்த தாளை நீட்டினார். வீட்டில் செலவுக்கு வழியில்லை, என்ன செய்ய?

பதில் (உப்புவெளி):
தங்கச்சி, போடாதீங்க. இன்னொரு ஒபரேஷன் வருமா என்று தெரியாத நேரத்தில் ஒப்பமிட்டால் பிறகு அதையே நீதிமன்றத்தில் தூக்கிக் காட்டுவார்கள். பொலிஸ் போடும் வழக்கு சாரதியைத் தண்டிக்கத்தான். நட்டஈட்டுக்கு மாவட்ட நீதிமன்றத்தில் நீங்கள் தனியாகப் போட வேண்டும், அதுவும் விபத்து நடந்து 2 வருடத்துக்குள். பொலிஸ் வழக்கு முடியட்டும் என்று காத்திருந்தால் அந்தக் காலம் ஓடிவிடும்.

பதில் (மூதூர்):
அக்கா, லொறிக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி (லொறியால் அடிபட்டவருக்குக் காப்புறுதிக் கம்பனி நட்டஈடு கட்டுவது) கட்டாயம், அதனால் முதலாளி கையை விரித்தாலும் பயப்படாதீங்க. ஆனால் வழக்குப் போடுவதற்கு முன்போ, போட்டு 7 நாளுக்குள்ளோ காப்புறுதிக் கம்பனிக்கு அறிவித்தல் போக வேண்டும், லோயரிடம் மறக்காமல் கேளுங்க. டயக்னோசிஸ் கார்ட், எக்ஸ்ரே, மருந்துத் துண்டு எல்லாம் பத்திரம். மீன் விற்ற கணக்குக் கொப்பி இருந்தால் வருமானத்துக்கு அதைவிட நல்ல ஆதாரம் இல்லை. லோயருக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்க.

நிலாவெளி:
கொப்பி இருக்கு. ஆனால் அவரிடம் பொலிஸார் இன்னும் வாக்குமூலமே எடுக்கவில்லையே?

உப்புவெளி:
அப்போ முதலில் அதைப் பதிய வையுங்க, மற்றதெல்லாம் அப்புறம்.