பழச் சக்கையும் தோலும் கல்லீரல் கொழுப்பைக் குறைக்குமா? மாதுளைத் தோல் பொடி எத்தனை ஸ்பூன் கொடுக்கலாம்?

வெண்ணிலா77:

வணக்கம். என் கணவருக்கு வயது 44, எடை 84 கிலோ. குடிப்பழக்கம் கிடையாது. போன மாதம் வயிற்று ஸ்கேனில் கிரேடு 1 ஃபேட்டி லிவர் என்று வந்தது. கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி என்சைம் 68. கொலஸ்ட்ராலுக்கு அடோர்வாஸ்டாடின் சாப்பிடுகிறார். மருத்துவர் புதிதாக மருந்து எதுவும் எழுதவில்லை, எடையைக் குறைத்துவிட்டு ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் மூன்று ஆப்பிள், இரண்டு ஆரஞ்சு பிழிந்து ஒரு பெரிய டம்ளர் ஜூஸ் கொடுக்கிறேன். பிழிந்து முடித்ததும் வடிகட்டியில் ஈரமாக இரண்டு கைப்பிடிச் சக்கை நிற்கும். அதைக் குப்பையில் போட மனசே வருவதில்லை, கொஞ்சம் ஃப்ரீசரில் சேர்த்து வைத்திருக்கிறேன். ஆப்பிள் சக்கை, திராட்சைத் தோல், மாதுளைத் தோல் எல்லாம் கல்லீரலைக் காக்கும், எலிகளில் நிரூபித்திருக்கிறார்கள் என்று படித்தேன். மாதுளைத் தோலைக் காயவைத்து அரைத்து ஒரு பாட்டில் பொடியும் தயார். இன்னும் கொடுக்க ஆரம்பிக்கவில்லை. தினம் எத்தனை ஸ்பூன் கொடுக்கலாம்? இதற்குப் பதில் கேப்ஸ்யூலாகவே வாங்கிவிடலாமா?

ஆய்வக மேசை:

சகோதரி, பொடியைக் கொடுப்பதற்கு முன்னால் கேட்டீர்களே, அதுவே பெரிய விஷயம். நான் மருத்துவர் இல்லை. விலங்கு ஆய்வகம் ஒன்றில் பதினொரு வருஷம் வேலை பார்த்தவன். எலித் தீனி நிறுத்துப் போடுவது, கடைசியில் கல்லீரலை எடுத்து ஸ்லைடு செய்வது, இவைதான் என் வேலை.

நல்ல கல்லீரல் கருஞ்சிவப்பாக இருக்கும், விளிம்பு கூராக இருக்கும். கொழுப்பும் சர்க்கரையும் தூக்கலான தீனியில் சில வாரம் வளர்ந்த எலியின் கல்லீரல் மஞ்சள் ஓடி வெளுத்திருக்கும். விளிம்பு மழுங்கியிருக்கும், அறுத்தால் கத்தியில் எண்ணெய் பிசுபிசுக்கும். ஸ்லைடுக்குத் தயார் செய்யும்போது ஆல்கஹாலும் சைலீனும் கொழுப்பைக் கரைத்துக்கொண்டு போய்விடும். அதனால் மைக்ராஸ்கோப்பில் கொழுப்பு இருந்த இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாக ஓட்டை தெரியும். அதே தீனியில் காய்ந்த பழச் சக்கையைக் கலந்து கொடுத்தால் அந்த ஓட்டைகள் குறைகின்றன. பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு இது. நீங்கள் படித்தது பொய் இல்லை.

காரணமும் ஓரளவு தெரியும். சக்கையில் பெக்டின் மாதிரி நார்ச்சத்து இருக்கிறது. பெருங்குடல் பாக்டீரியாக்கள் அதை நொதிக்கவைத்து அசிடேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற சிறிய கொழுப்பு அமிலங்களாக்கும். பியூட்டிரேட் குடல் சுவரின் செல்களுக்கே உணவு. சுவர் உறுதியாக இருந்தால் பாக்டீரியாவின் நச்சுத் துணுக்குகள் ரத்தத்தில் கசிவது குறையும். கல்லீரலுக்கு வருகிற ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு குடல் பக்கத்திலிருந்து போர்ட்டல் சிரை என்ற ரத்தக்குழாய் வழியாகத்தான் வருகிறது, ஆகவே குடலில் நடப்பது முதலில் கல்லீரலைத்தான் தொடும். அப்புறம் பாலிபீனால்கள், அதாவது தாவரங்களில் இயற்கையாகவே இருக்கும் ஒரு வகைப் பொருள்கள். மாதுளைத் தோலில் உள்ள புனிகலஜின் என்ற பாலிபீனாலை பாக்டீரியாக்கள் யூரோலித்தின் என்ற பொருளாக மாற்றும். அந்த பாக்டீரியாக்கள் எல்லார் குடலிலும் இருப்பதில்லை. ஒரே பொடி ஒருவருக்கு ஒரு மாதிரியும் அடுத்தவருக்கு வேறு மாதிரியும் வேலை செய்வதற்கு அது ஒரு காரணம்.

சரி, எலியிலிருந்து உங்கள் கணவருக்கு வருவோம். பெரும்பாலான சோதனைகளில் கெட்ட தீனி தொடங்கும் அன்றே சக்கையும் தொடங்கிவிடும். கொழுப்பு சேராமல் தடுக்கிறதா என்பதுதான் அங்கே கேள்வி. உங்கள் கணவருக்கு ஏற்கெனவே சேர்ந்துவிட்டது. அளவையும் பாருங்கள். தீனியில் 10 சதவீதம் சக்கை என்றால், நாளைக்கு அரை கிலோ உலர் உணவு சாப்பிடும் மனிதர் 50 கிராம் காய்ந்த சக்கையைத் தின்னவேண்டும். எலிக்குக் கிலோவுக்கு 200 மில்லிகிராம் தோல் சாரம் கொடுத்திருந்தால், அதை 6.2ஆல் வகுத்து மனித அளவைக் கணக்கிடுவது வழக்கம். கிலோவுக்குச் சுமார் 32 மில்லிகிராம், 84 கிலோவுக்கு 2.7 கிராம். அது ஆல்கஹாலில் ஊறவைத்து வடித்து வற்றவைத்த சாரம், உங்கள் பாட்டிலில் இருக்கும் பொடி வேறு. இதனால்தான் 'எத்தனை ஸ்பூன்' என்பதற்கு என்னால் நேர்மையாக ஒரு எண் சொல்ல முடியவில்லை.

திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெரட்ராலை மனிதர்களுக்கே கொடுத்துப் பார்த்தார்கள். 2014இல் வெளிவந்த சோதனை ஒன்றில், ஃபேட்டி லிவர் இருந்த பருமனான ஆண்கள் தினம் 3,000 மில்லிகிராம் வீதம் எட்டு வாரம் சாப்பிட்டார்கள். கல்லீரல் கொழுப்பு குறையவில்லை.

உங்கள் பதிவில் என்னை உறுத்துவது அந்தப் பெரிய டம்ளர்தான். நடுத்தர ஆப்பிள் ஒன்றில் சுமார் 19 கிராம் சர்க்கரை, அதில் பாதிக்கு மேல் ஃபிரக்டோஸ் என்ற பழச் சர்க்கரை. ஃபிரக்டோஸின் பெரும்பங்கை உடைப்பது கல்லீரல். மிஞ்சுவதைக் கொழுப்பாக மாற்றுவதும் அதேதான். மூன்று ஆப்பிளை மென்று தின்ன நேரம் ஆகும், பாதியிலேயே வயிறு நிறையும். டம்ளர் இரண்டு நிமிஷத்தில் காலியாகிவிடும். கல்லீரலுக்கு உதவும் சக்கை குப்பைக்குப் போகிறது, சுமையாகும் சர்க்கரை அவர் வயிற்றுக்குப் போகிறது. ஜூஸை நிறுத்துங்கள், பழத்தைத் தோலோடு கடித்துச் சாப்பிடச் சொல்லுங்கள். மருத்துவர் எடையைக் குறைக்கச் சொன்னதை ஒப்புக்குச் சொன்னதாக நினைக்காதீர்கள். 5 சதவீதம், அதாவது நாலு கிலோ சொச்சம் குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு இறங்கும். 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் வீக்கமும் தணியும்.

திரும்பி வந்தவள்:

அக்கா, கேப்ஸ்யூல் என்று எழுதியிருந்ததைப் பார்த்துப் பதறிப்போய் எழுதுகிறேன். கார்சினியா கம்போஜியா என்பதும் பழத்தோல்தான். காய்ந்த தோலிலிருந்து எடுத்த ஹைட்ராக்சிசிட்ரிக் அமிலத்தை எடை குறைக்க என்று விற்கிறார்கள். 'வெறும் பழம்தானே' என்று நானும் வாங்கினேன். ஐந்தாவது வாரம் சிறுநீர் கடும் டீ நிறத்தில் போனது. உள்ளங்கையில் அரிப்பு, ராத்திரி தூங்கவே முடியாது. கண்ணாடியில் மஞ்சள் பூத்த கண்ணைப் பார்த்த அன்றுதான் மருத்துவமனைக்கு ஓடினேன். எஸ்ஜிபிடி ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. நிறுத்திய பிறகு பழைய நிலைக்கு வர மூன்று மாதம் ஆயிற்று.

இப்படி ஆனவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் நிறைய வந்திருக்கிறது. எச்எல்ஏ-பி 35:01 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகமாம். நமக்கு அது இருக்கிறதா என்று யாரும் பார்த்துவிட்டு வாங்குவதில்லையே. கிரீன் டீயும் அப்படித்தான். குடிக்கும் டீ வேறு, அதன் சாரம் வேறு. சாரத்தில் உள்ள இஜிசிஜி என்ற பாலிபீனால் நாளுக்கு 800 மில்லிகிராம் எட்டினால் கல்லீரல் என்சைம்கள் ஏறலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் சொன்னது. அண்ணனுக்கு ஏற்கெனவே எஸ்ஜிபிடி கூடியிருக்கிறது. தயவுசெய்து வேண்டாம்.

வெண்ணிலா77:

இரண்டு பேருக்கும் நன்றி. இன்று காலை ஜூஸ் போடவில்லை. ஒரு ஆப்பிளைத் தோலோடு நறுக்கி வைத்தேன், அதைத் தின்று முடிக்கவே அவருக்குக் கால் மணி நேரம் ஆனது. இன்னொன்று வேண்டுமா என்றால் போதும் என்கிறார்! மாதுளைப் பொடியை எடுத்து வைத்துவிட்டேன். தோலில் மருந்து அடித்திருப்பார்களே, அதற்கு என்ன செய்வது? ஃப்ரீசரில் இருக்கும் சக்கையை என்ன செய்யட்டும்?

ஆய்வக மேசை:

ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் சமையல் சோடாவைக் கரைத்து, ஆப்பிளைப் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிஷம் ஊறவைத்துக் கழுவுங்கள். 2017இல் வந்த ஆய்வு ஒன்றில், சோதித்த இரண்டு பூச்சிமருந்துகளும் மேற்பரப்பிலிருந்து இப்படித்தான் நன்றாகப் போயின, தோலுக்குள் இறங்கியது மட்டும் போகவில்லை. ஆரஞ்சுத் தோலுக்கு மெழுகும் பூஞ்சைக்கொல்லியும் பூசுவதுண்டு, அதை விட்டுவிடுங்கள். சுளையின் மேல் இருக்கும் வெள்ளை நாரை உரிக்காமல் சாப்பிட்டால் போதும்.

கிரேப்ஃப்ரூட் மட்டும் அவருக்கு வேண்டாம். பழமும் சரி, தோலும் சரி. அதில் உள்ள ஃபியூரனோகூமரின்கள் குடலில் மருந்தை உடைக்கும் என்சைமை முடக்கிவிடும், அடோர்வாஸ்டாடின் ரத்தத்தில் கூடிப்போகும். சாதாரண ஆரஞ்சுக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

சக்கையில் ஆப்பிள் விதை இருந்தால் பொறுக்கி எடுத்துவிடுங்கள், அரைத்தால் சயனைடு வரும் பொருள் அதில் இருக்கிறது. கழுவாத பழத்தில் பிழிந்தது என்றால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். கழுவியது என்றால் காலை ஓட்ஸில் இரண்டு ஸ்பூன் சேர்த்துப் பாருங்கள். வயிறு உப்பினால் ஒரு ஸ்பூனாக்கி, தண்ணீர் கூடக் குடிக்கச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்து ஸ்கேன் எடுத்ததும் இங்கே வந்து சொல்லுங்கள், காத்திருப்பேன்.